மதிலுக்கு அடியில் ஓடும் வெள்ளம்

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவர் முதலில் கிணறு வெட்டுகிறார். அந்தக் கிணற்று வெள்ளத்தில்தான் சிமென்ட் குழைப்பார்கள், சுவர் நனைப்பார்கள், குடிபுகும் நாளில் அடுப்பேற்றுவார்கள். விளவங்கோட்டுப் பேச்சில் குடிக்கும் தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். கிணற்றுக்கு ஈசான மூலை, அதாவது வடகிழக்கு. கழிப்பறைக் குழிக்கு வாயு மூலை, வடமேற்கு. ஸ்தானம் பார்க்கிறவர் சொல்வதும் மேஸ்திரி சொல்வதும் இதுதான். ஒரு வீட்டின் எல்லைக்குள் நின்று பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு. கிணறும் குழியும் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன.

கிழக்கே அடுத்த ஐந்து சென்டிலும் ஒருவர் இதே முறைப்படி வீடு கட்டுகிறார். அவருடைய வாயு மூலை எங்கே வந்து நிற்கிறது? நம்முடைய ஈசான மூலையை ஒட்டி. மதிலுக்கு இந்தப் பக்கம் நம் கிணறு, அந்தப் பக்கம் அவருடைய குழி. அவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் அவருக்குக் கிழக்கே இருப்பவரின் குழி. இப்படியே சாலை முடியும் வரை போகலாம். யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு நல்லதென்று நம்பியதைத்தான் செய்தார்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கழிவுநீரை மண்ணுக்குள் விடும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. 18 மீட்டர் என்றால் சுமார் 60 அடி. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. சதுரமான மனையாக இருந்தால் ஒரு பக்கம் 47 அடிக்குள் அடங்கிவிடும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால்தான் 66 அடி வரும். சொந்த வீட்டுக் கிணற்றுக்கும் சொந்த வீட்டுக் குழிக்கும் நடுவிலேயே 60 அடி கிடைப்பது கஷ்டம் என்னும்போது, நாலு பக்கத்து வீடுகளையும் சேர்த்து அந்தத் தூரத்தைக் காப்பாற்றுவது ஒருவரால் நடக்கிற காரியமல்ல. நாலு வீட்டாரும் குழி தோண்டுவதற்கு முன்னால் மதிலருகே நின்று பேசியிருந்தால் ஓரளவு முடிந்திருக்கும். நம் ஊர்களில் நடக்காமல் போனது அந்தப் பேச்சுதான்.

குழி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செப்டிக் டேங்க் என்று நாம் அழைப்பவற்றில் பெரும்பாலானவை டேங்க் அல்ல. அடியில் தளம் போடாமல் சிமென்ட் உறைகளை இறக்கி மூடியவை. "இருபது வருஷமாச்சு, ஒருக்கா கூட நிறையல" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிறையாத குழியில் விழுந்தது எங்கே போனது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. இங்குள்ள வெட்டுக்கல் மண் துளை நிறைந்தது. மழையை விழுங்கிக் கிணற்றை ஊறவைப்பதும் அந்தத் துளைகள்தான். குழியில் இருப்பதைக் கிணற்றுக்குக் கொண்டுபோவதும் அவைதான். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவத்திலும் நிலத்தடி நீர் ஏறிவரும் நாடு இது. நீர் ஏறும்போது குழியின் அடி நனைகிறது. அதற்குப் பிறகு குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் வடிகட்ட மண்ணே இல்லை.

நம் நிலத்தின் கிடப்பையும் நினைத்துப் பாருங்கள். மேலே பொற்றை எனும் குன்று, சரிவில் விளை எனும் தோட்டம், அடியில் ஏலா எனும் வயல். ஊர்ப் பெயர்கள் பல விளையில் முடிவது சும்மா அல்ல. ஏலாவில் நெல் இருந்த காலத்தில் விளையில் வீடுகள் விட்டு விட்டு இருந்தன. இன்று ஏலாவில் வாழை நிற்கிறது, பல இடங்களில் வீடே நிற்கிறது. விளையில் மதிலோடு மதில் ஒட்டி வீடுகள். 2011 கணக்கெடுப்பிலேயே குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். மேல் விளையில் கொட்டியது கீழ் விளைக் கிணற்றைத் தொட்டு, குளத்துக்கும் தோடு எனும் ஓடைக்கும் இறங்குகிறது. இந்தச் சரிவில் தனிக் கிணறு என்று ஒன்று கிடையாது. வளையமும் கப்பியும் மோட்டாரும் நமக்குச் சொந்தம். அடியில் இருக்கும் வெள்ளம் சரிவு முழுவதற்கும் சொந்தம்.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் இதைக் கேட்டால் வேதனையோடு சொல்வார்கள். அங்கும் வீட்டுக்கு வீடு கிணறு, அடியில் சுண்ணாம்புக்கல். சுன்னாகம் மின் நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளில் மிதந்தபோது மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கிணறுகளைச் சுத்தப்படுத்த இரண்டு கோடி இலங்கை ரூபாய் கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2019இல் உத்தரவானது. அங்கே வாளியில் எண்ணெய் தெரிந்தது, மூக்கில் நாறியது, குற்றம் சாட்ட ஒரு நிறுவனம் இருந்தது. நம் கிணற்றுக் கேட்டில் இந்த மூன்றுமே இல்லை. மலக்கிருமி கலந்த வெள்ளம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், குளிர்ந்திருக்கும், இனிக்கவும் செய்யும். குற்றம் சாட்டத் தொடங்கினால் விரல் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி நம் வீட்டுக்கே திரும்பும்.

ஆகவே சோதிக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. நூறு மில்லி நீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது அது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புளிப்பு காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெட்டுக்கல் மண்ணில் இது கீழே இறங்கியிருப்பதைக் காணலாம், மோட்டாரும் இரும்புக் குழாயும் சீக்கிரம் அரிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மலக்கலப்பைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்றை இந்திய ஆய்வாளர்கள் மூவர் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு புட்டியில் வெள்ளத்தை ஊற்றி மூடி வைத்தால் போதும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கலப்பு இருக்கிறது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடலாம், செலவும் சொற்பம். முழுச் சோதனை வேண்டுமென்றால் நாகர்கோவிலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. கருங்கலிலிருந்து ஒரு பேருந்துத் தூரம்.

அப்படியிருந்தும் ஏன் சோதிப்பதில்லை? அறியாமை மட்டும் காரணமல்ல, பயமும் இருக்கிறது. கிணறு கெட்டது என்று தெரிந்தால் வீட்டு விலை போய்விடுமோ, பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ, பக்கத்து வீட்டோடு சண்டை வருமோ என்ற பயம். தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று நினைக்கிறோம். சோதித்துப் பார்த்த சிலரும் முடிவு மோசமாக வந்தால் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் முதல் கேன் வாங்குகிறார்கள். என் பார்வையில் இதுதான் ஊருக்குச் செய்யும் பெரிய தீங்கு. நம் கிணற்றில் கண்ட கேடு கீழ் விளையில் மூன்று வீட்டுக் கிணற்றிலும் இருக்கும். அங்கே கேன் வாங்க வசதியில்லாத ஒரு பாட்டி பேரக்குழந்தைக்கு அதே வெள்ளத்தில் பால் கலக்கிக்கொண்டிருப்பார். நமக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் வாக்கர்டன் என்ற ஊர் இருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் விவசாய ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணக் கழிவு ஆழமில்லாத ஊர்க் கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. நீரில் கிருமி இருப்பதாக ஆய்வகம் சொல்லியும் விநியோகப் பொறுப்பில் இருந்தவர் அதைச் சுகாதாரத் துறையிடம் மறைத்தார். குளோரின் அளவைப் பொய்யாக எழுதி வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்த ஒரு செய்தி நமக்கு மிகவும் முக்கியம். சாணம் போட்ட விவசாயி எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறைப்படியே போட்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை என்று விசாரணை சொன்னது. முறைப்படி நடந்துகொண்ட ஒருவரின் நிலத்திலிருந்தும் கேடு புறப்படலாம். பிறகு அதை நிறுத்துவது, தெரிந்தவர்கள் தெரிந்த நேரத்தில் வாய் திறப்பதைப் பொறுத்தது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. ஊர்ப்புறக் குடிநீருக்காக ஒன்றிய அரசு 2019 ஆகஸ்ட் 15இல் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதோடு, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியைக் கையில் தந்து, தண்ணீரை அவர்களே சோதிக்க வைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனால் அது ஊராட்சிகளுக்கானது. 2011 கணக்குப்படி குமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டுக்கு மேல் நகர மக்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி இங்குதான் அதிகம். காரணம், அப்போது இங்கே பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதுக்கு மேல் இருந்தன. கருங்கல் பேரூராட்சி. பாலப்பள்ளம், கீழ்குளம், கிள்ளியூர், புதுக்கடை எல்லாமே பேரூராட்சிகள். காகிதத்தில் நகரம். நேரில் வந்து பார்த்தால் வாழையும் மரச்சீனியும் ரப்பரும் தென்னையும், வீட்டுக்கு வீடு கிணறும். நகரம் என்பதால் ஊர்ப்புறத் திட்டத்தின் சோதனைப் பெட்டி நம் பெண்கள் கைக்கு வருவதில்லை. நகரத்துக்குரிய பாதாளச் சாக்கடையும் இங்கே இல்லை. இரண்டு வரிசையிலும் நமக்கு இடமில்லாமல் போனது. பேரூராட்சி மன்றங்கள் ஒன்றுகூடி, மாவட்ட நிர்வாகத்திடம் இதே சோதனைப் பெட்டியும் பயிற்சியும் எங்களுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கேட்கலாம். கட்சி வேறுபாடு குறுக்கே வரக்கூடிய கோரிக்கையல்ல இது.

மன்றங்கள் கேட்பதற்குள் நாம் செய்யக்கூடியதற்கு முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. அங்கே ஹரித கேரளம் மிஷன் மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகத்தோடு சேர்த்துத் தண்ணீர்ச் சோதனை நிலையங்களைத் தொடங்கியது. வீட்டுக் கிணற்று வெள்ளத்தைப் புட்டியில் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள், பள்ளியிலேயே சோதனை நடக்கிறது. கல்வியில் முன்னால் நிற்கும் மாவட்டம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆய்வகம் உள்ள மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர் இங்கே அபூர்வம். பிளஸ் டூ மாணவர்கள் உப்பைக் கண்டுபிடிக்கும் அதே மேசையில் தங்கள் தெருவின் கிணறுகளையும் சோதிக்கட்டும்.

கிணறுகளில் குளோரின் இடுவதிலும் கேரளம் அவசரம் காட்டியது. அதற்கான காரணங்களில் ஒன்று நமக்கு வெகு அருகில் நடந்தது. 2024 ஜூலை, ஆகஸ்டில் நெய்யாற்றின்கரைப் பக்கம் நெல்லிமூட்டில் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்கள் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஓர் இளைஞர் இறந்துபோனார். அந்த அமீபா குடிப்பதால் வருவதில்லை. குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிறது. உலக அளவில் அது வந்து பிழைத்தவர்கள் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு இன்னும் பலருக்கு வந்ததும், 2025 ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் மாநிலம் முழுவதும் கிணறுகளில் குளோரின் இடும் இயக்கம் நடத்தினார்கள். எல்லையில் இருக்கும் களியக்காவிளைச் சோதனைச் சாவடி மனிதர்களுக்கும் லாரிகளுக்கும்தான், வெள்ளத்துக்கு அல்ல. கோழிக்கழிவு ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கத்திலிருந்து வருவதைப் பற்றி நாம் கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். அதே கொதிப்பு, இரவில் நம் ஊர்க் கழிவு லாரி நம் ஊர்த் தோட்டில் குழாயைத் திறக்கும்போதும் இருக்க வேண்டும். குறைந்த கூலிக்கு அந்த லாரியை அழைத்தவர் நம்மில் ஒருவர்.

விவசாயிகளிடமும் ஒரு வார்த்தை. மழை வரப்போகிறது என்று யூரியாவை வீசிவிட்டு வருவது பழகிவிட்டது. பெருமழையில் பயிர் குடிக்காத உரம் நைட்ரேட்டாகக் கீழே இறங்குகிறது. நைட்ரேட் மிகுந்த வெள்ளத்தில் கலக்கிய பால் கைக்குழந்தையின் இரத்தத்தில் உயிர்க்காற்று ஏறவிடாமல் செய்யும். குழந்தை நீலம் பாரிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். குளோரினுக்கும் அது அசையாது. அதைப் புறப்படும் இடத்திலேயே, தோட்டத்திலும் கழிவுக் குழியிலும்தான் தடுக்க வேண்டும். உரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகப் போட்டால் காசும் மிச்சம், கிணறும் மிச்சம். வாழைக்குக் குழியில் போடும் குருணை மருந்தில் போரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு யாரிடமாவது இருந்தால் கிணற்றடியில் வைத்திருக்க வேண்டாம். மருந்தடிக்கும் பம்பைத் தோட்டில் கழுவுவதையும் நிறுத்துவோம். நம் மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணின் பெயரால் விற்கும் பழத்துக்கு இந்த மண்ணின் வெள்ளமும் நன்றாக இருப்பது விவசாயிக்கே லாபம். ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் ஆசிட் கலந்த கழிவைத் தனிக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பு இட்ட பிறகே வெளியே விடலாம். பெரிய வேலையல்ல.

வீடுகளில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளத்தைத்தான் நம் வீடுகளில் பந்தியிலும் பரிமாறினார்கள். அந்தப் பழக்கம் எத்தனையோ பேரைக் காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் காத்திருக்கிறது. கேன் வந்ததும் அதை விட்டோம், திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். மழை தொடங்கியதும், முடிந்ததும், கிணற்றுக்குள் மழைவெள்ளம் புகுந்தாலும் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் சாதாரண அளவு, மழைவெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பு. இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 9,400 லிட்டர். 24 கிராம் தூள் போதும். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். பை பிரித்து நாளான தூளில் வீரியம் இருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் மின்சாரம் நின்று மோட்டார் ஓடாதபோது, கயிறும் வாளியும் எடுத்து எல்லோரும் கிணற்றுக்குத்தான் திரும்பினோம். மதில் தாண்டி வந்து வெள்ளம் கோரிப்போனவர்களை அன்று யாரும் தடுக்கவில்லை. அந்த மனது இப்போதும் நம்மிடம் இருக்கிறது.

பங்குப் பேரவையில், கோயில் கமிட்டியில், ஜமாத்தில், கேரளத்தின் குடும்பஸ்ரீ போல இயங்கும் நம் மகளிர் குழுக்களில், வாசகசாலையில், இந்த ஒரு விஷயத்தை ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு திருமண அறிவிப்பு வாசிக்கிறார்கள்; மழைக்கு முன் கிணறு சோதிக்கும் நாளையும் வாசிக்கலாம். ஒரு தெருவின் முடிவுகளை வீட்டுப் பெயர் இல்லாமல், எத்தனை கிணறு சோதித்தோம், எத்தனை கெட்டிருந்தது என்று வாசகசாலைப் பலகையில் எழுதுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவரிடம் பேரூராட்சி, வரைபடத்தில் அவருடைய குழியை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள நாலு கிணறுகளையும் குறித்து வரச் சொல்லட்டும். மேஸ்திரிமார் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு மூலை சொல்லட்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போகும் நாளில், கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான புட்டிகளில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் உங்கள் கிணற்று வெள்ளம். மற்றொன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். முடிவு வந்ததும் இரண்டு காகிதத்தையும் ஒன்றாக விரித்து வைத்துப் படியுங்கள்.